வரப்பில் காயப்போட்ட வெள்ளைத் துணி

மார்கழிப் பனியில் பெரியநாயக்கன்பாளையம் பக்கம் தோட்டத்து வரப்பில் நடந்தால், புல்லின் மேல் வெள்ளைத் துணி காயப்போட்டது போல வலைகள் தெரியும். வெயில் ஏறிப் பனி காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாது.

பக்கத்துத் தோட்டக்காரர் கேட்டார்: "ஏனுங்கண்ணா, வரப்பெல்லாம் நூலாம்படையா இருக்குதுங்க. களைக்கொல்லி அடிச்சுச் சுத்தம் பண்ணீரலாமுங்களா?"

"அடிச்சுப் போடாதீங்க. கட்டுனது ஆருன்னு முதல்ல பாருங்க" என்றேன்.

விரிப்பின் ஒரு பக்கம் புனல் போலக் குவிந்து பொந்துக்குள் இறங்கும். அந்த வாயில்தான் சிலந்தி காத்திருக்கும். வலையில் பசை கிடையாது. தத்துப்பூச்சியோ ஈயோ வெட்டுக்கிளிக் குஞ்சோ விழுந்த அதிர்வு தெரிந்தால் போதும், பாய்ந்து பிடித்து உள்ளே இழுத்துப்போகும்.

இதன் பேரினம் ஹிப்பாசா. பிரான்ஸ் நாட்டு அறிஞர் யூஜின் சிமோன் 1885இல் வைத்த பெயர். வலையைப் பார்த்தால் புனல்வலைச் சிலந்திக் குடும்பம் என்றுதான் தோன்றும். ஆனால் இது ஓநாய்ச் சிலந்திக் குடும்பம். அடையாளம் மூன்று: எட்டுக் கண்களும் 4, 2, 2 என்று வரிசையாக இருக்கும், தாய் முட்டைப்பையைப் பின்புறம் ஒட்டிக்கொண்டே திரியும், பொரித்த குஞ்சுகளை முதுகில் சுமக்கும். ஓநாய்ச் சிலந்திகளில் பெரும்பாலானவை வலை கட்டாமல் ஓடி வேட்டையாடும். இதுவோ வலை கட்டிக் குடியிருக்கும்.

ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா, இலங்கை, பர்மா, சீனா வரை இந்தப் பேரினம் பரவியிருக்கிறது. மொத்தம் 30 இனங்களை ஒட்டி வரும். அதில் ஒன்றின் பெயர் 'மெட்ராஸ்பட்டானா'. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த கிரேவ்லி 1924இல் விவரித்தது. நூறு வருசத்துக்கு முன்னாலேயே நம்ம சென்னைப் பட்டணத்தின் பெயர் ஒரு சிலந்திக்கு ஏறிவிட்டது. நாம்தான் அதை ஒட்டடை என்று தள்ளுகிறோம்!

சிலந்தி நல்லது கெட்டது பார்க்காது, தேனீ சிக்கினாலும் தின்னும். ஆனாலும் பூச்சி பெருகாமல் தட்டி வைப்பதில் அதற்குப் பங்குண்டு. பூச்சிமருந்து அடித்தால் இரண்டும் சாகும். தத்துப்பூச்சி சீக்கிரம் திரும்பிப் பெருகிவிடும், சிலந்தி மெதுவாகத்தான் வரும். களைக்கொல்லியில் புல் கருகினால் வலை கட்ட இடமே இல்லை.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வரப்புப் புல்லை வேரோடு செதுக்காமல், பாதிப் பாதியாக அறுத்து மாட்டுக்குப் போடுங்கள். மூடாக்கைக் கொளுத்தாதீர்கள். பனிக்காலத்தில் ஒரே வரப்பில் வாரம் ஒருமுறை விடியற்காலையில் வலைகளை எண்ணி எழுதி வையுங்கள்.

பக்கத்துத் தோட்டக்காரர் மருந்து டேங்கை இறக்கி வைத்துவிட்டார். "சரிங்கண்ணா, ஒரு வரப்பை விட்டுத்தான் பாக்கறேனுங்க" என்றார். ஒரு வரப்பு போதும், ஆரம்பிக்க.