ஆங்கில வினையமைப்பும் நம் இலக்கணமும்

தமிழ்வழியில் பயின்று கல்லூரிக்கு வரும் மாணவர் பலர் ஆங்கிலத்தில் எழுதவும் பேசவும் அஞ்சுகின்றனர். ஒரு வினையை அடுத்துவரும் மற்றொரு வினை எவ்வடிவில் நிற்கும் என்னும் ஐயம் அவ்வச்சத்தின் காரணங்களுள் ஒன்று. 'வான்ட்' என்பதன்பின் 'டு ரீட்' வருகிறது. 'என்ஜாய்' என்பதன்பின் 'ரீடிங்' வருகிறது. இவ்வேறுபாட்டை உணரத் தமிழிலக்கணமே நமக்குத் துணைசெய்யும்.

'ரீடிங்' போன்ற வடிவை 'ஜெரண்ட்' என்பர். படித்தல், எழுதுதல் என்னும் நம் தொழிற்பெயர்களை அஃது ஒத்தது. 'டு ரீட்' என்பது 'இன்ஃபினிட்டிவ்'. படிக்க, எழுத என வரும் வினையெச்சம் போன்றது. தொல்காப்பியர் கூறும் ஒன்பது வினையெச்ச வாய்பாடுகளுள் 'செய', 'செயற்கு' ஆகிய இரண்டும் உள. 'செயற்கு' என்பதில் 'கு' நிற்பதுபோல, ஆங்கில 'டு'வும் பண்டு திசையையும் நோக்கத்தையும் உணர்த்திய சொல்லே. ஆதலின் அது பெரும்பாலும் இனி நிகழவிருக்கும் செயலைச் சுட்டும். வான்ட், ஹோப், டிசைட், பிராமிஸ் ஆகியன அதனை ஏற்கின்றன. என்ஜாய், ஃபினிஷ் ஆகியன நிகழும் அல்லது நிகழ்ந்த செயலைப் பற்றியன. அவை தொழிற்பெயரை ஏற்கின்றன. சஜஸ்ட் போன்ற சில இவ்வரம்பில் அடங்கா. அவற்றைப் பயிற்சியால் மனங்கொள்ள வேண்டும்.

வடிவம் மாறப் பொருள் மாறுவதும் உண்டு. 'ஸ்டாப்ட் ரீடிங்' என்றால் படித்தலை நிறுத்தினான். 'ஸ்டாப்ட் டு ரீட்' என்றால் படிப்பதற்காக வேறொரு செயலை நிறுத்தினான். 'ரிமெம்பர் லாக்கிங்' என்பது பூட்டியதை நினைவுகூர்தல்; 'ரிமெம்பர் டு லாக்' என்பது பூட்ட மறவாதிருத்தல்.

அரபு பயின்றோர்க்கும் இது புதிதன்று. அவர்கள் அறிந்த 'மஸ்தர்' தொழிற்பெயரே. 'உரீது அன் அக்ரஅ' என்னும் தொடரில் 'அன்' பெற்றுவரும் வினை, 'படிக்க விரும்புகிறேன்' என்பதிலுள்ள எச்சத்தின் பணியைச் செய்கிறது. அரபியில் அவ்விடத்தில் மஸ்தரையும் அமைக்கலாம். ஆங்கிலத்திலோ முன்னிற்கும் வினையே வடிவத்தை வரையறுக்கிறது.

வேலைக்கான விண்ணப்பங்களில் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர்' என எழுதுவது பெருவழக்காயுள்ள பிழை. 'டு ஹியரிங்' என்பதே சரி. 'டு'வின்பின் 'யுவர் ரிப்ளை' என ஒரு பெயரை இட்டுப் பார்த்தால் அது பொருந்துகிறது. எனவே இங்கு 'டு' வேற்றுமையுருபு போல்வது, பெயரையே வேண்டுவது. 'வான்ட் டு' என்பதன்பின் அப்பெயர் பொருந்தாமை காண்க.

புதிய வினைச்சொல்லைக் குறிப்பேட்டில் எழுதுங்கால், அதனைத் தனியே எழுதாது, அதனை அடுத்துவரும் வடிவத்தோடு சேர்த்தே எழுதுதல் நலம். நாள்தோறும் மூன்று வினைகளுக்கு மூன்று தொடர்கள் போதும். தமிழிலக்கணம் தேர்வோடு முடிவதன்று. பிறமொழியின் வாயிலைத் திறக்கும் திறவுகோலும் அதுவே. அத்திறவுகோல் நம் மாணவர் கையில் முன்னரே உள்ளது, அஞ்சாது பயன்கொள்வோமாக!