பின்னால் நகர்ந்து கோலடித்தவர்

2011 ஜூலை 17, பிராங்க்பர்ட். மகளிர் உலகக் கோப்பை இறுதிப் போட்டியின் கூடுதல் நேரத்தில் அமெரிக்கா 2-1 என முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடிய மூன்று நிமிடங்களே இருக்க, ஜப்பானுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. அயா மியாமா அடித்த பந்து தரையைத் தொடும் முன்பே, முதல் கம்பத்தை நோக்கிப் பாய்ந்து வந்த ஹோமாரே சாவா வலது காலின் வெளிப்புறத்தால் அதைத் தட்டிவிட்டார். தடுப்பாட்டக்காரர் ஒருவரும் பக்கத்திலேயே இருந்தார்; சாவா அவரைவிட ஓர் எட்டு முந்திக்கொண்டார், அவ்வளவுதான். ஸ்கோர் 2-2 ஆனது. பெனால்டி ஷூட்அவுட்டில் 3-1 என வென்ற ஜப்பான், சீனியர் உலகக் கோப்பையை ஆசியாவுக்குக் கொண்டுவந்த முதல் அணியானது. அன்றுவரை அமெரிக்காவை ஒருமுறைகூட வென்றிராத அணி அது.

அந்தத் தொடரில் சாவா அடித்தவை ஐந்து கோல்கள். சிறந்த வீராங்கனைக்கான தங்கப் பந்து, அதிக கோல்களுக்கான தங்கக் காலணி இரண்டும் அவருக்கே கிடைத்தன. விசித்திரம் என்னவென்றால், அவர் முன்கள வீராங்கனையே அல்ல. தடுப்பாட்ட வரிசைக்குச் சற்று முன்னால் நின்று, எதிரணியின் தாக்குதலைக் கலைப்பதுதான் அவருடைய முதல் வேலை. அந்த இடத்தில் ஆடுபவர் தொடருக்கு ஒரு கோல் அடித்தாலே பெரிது.

இளமையில் அவர் வேறு இடத்தில் ஆடியவர். தோக்கியோ பெருநகரப் பகுதியிலுள்ள ஃபுச்சூவில் 1978-ல் பிறந்த சாவா, 15 வயதில், 1993 டிசம்பரில் தேசிய அணிக்கு அறிமுகமானார். பிலிப்பைன்ஸுக்கு எதிரான அந்த முதல் ஆட்டத்திலேயே நான்கு கோல்கள் போட்டார். தாக்குதல் நடுக்களமே அவருடைய இடம் என்பதில் அன்று யாருக்கும் சந்தேகமில்லை. பிறகு அமெரிக்கா போனார். அட்லாண்டா பீட் அணிக்காக ஆடிக்கொண்டிருந்தபோது, 2003-ல் அங்கிருந்த தொழில்முறை லீக் பணமின்றி மூடப்பட, நாடு திரும்பினார். ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்கான 2004 தகுதிச் சுற்றில் வடகொரியாவை 3-0 என வென்ற ஆட்டத்தை முழங்கால் காயத்தோடு ஆடினார். ஜப்பானில் மகளிர் கால்பந்தைப் பொதுமக்கள் திரும்பிப் பார்க்கத் தொடங்கியது அந்த ஆட்டத்துக்குப் பிறகுதான். 'நதேஷிகோ' என்ற பெயர் அணிக்குச் சூட்டப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

2008-ல் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற நொரியோ சசாகி அவரைப் பின்னுக்கு நகர்த்தினார். முப்பதை நெருங்கும் வீராங்கனையைப் பின்னால் தள்ளுவதை ஓரங்கட்டுவதாகவே பலரும் பார்ப்பார்கள். சாவா விஷயத்தில் அது கணக்குத் தெரிந்தவரின் முடிவு. எதிரணி அடுத்து எங்கே பந்தை அனுப்பும் என்பதை முன்கூட்டியே ஊகிப்பதுதான் சாவாவின் பெரிய பலம். முன்களத்தில் எதிராளிகள் அவரை நெருக்கிப் பிடித்ததால் அந்தப் பலம் பாதி வீணானது. பின்னாலிருந்து பார்த்தபோது முழு மைதானமும் அவர் கண்முன் விரிந்தது. பந்தைப் பறித்து முன்னே கொடுத்துவிட்டு, யாரும் கவனிக்காத நேரத்தில் அவரும் தாக்குதலில் சேர்ந்துகொள்வார். தாமதமாக வந்து சேரும் ஆளை யார் பிடிப்பது என்று எதிரணி முடிவு செய்வதற்குள் காரியம் முடிந்துவிடும்.

ஃப்ரீ கிக், கார்னர்களில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். 2011-ல் மெக்சிகோவுக்கு எதிராக அவர் அடித்த மூன்று கோல்களில் இரண்டு, மியாமா அனுப்பிய பந்துகளைத் தலையால் முட்டியவை. சாவா நெட்டையானவர் அல்ல. பந்து வந்து விழும் இடத்துக்கு மற்றவர்களுக்கு முன்பே போய் நின்றுவிடுவார். காலிறுதியில் ஜெர்மனியை வீழ்த்திய ஒரே கோலுக்குப் பந்தைக் கொடுத்தவரும் அவரே.

அதே ஆண்டு மார்ச்சில்தான் பெரும் நிலநடுக்கமும் சுனாமியும் வடகிழக்கு ஜப்பானைச் சிதைத்திருந்தன. ஆட்டத்துக்கு முன் அந்த அழிவின் படங்களைச் சசாகி அணிக்குக் காட்டியதுண்டு. உலகக் கோப்பை வெற்றியைப் பற்றிப் பேசுவோர் பலரும் அந்தச் சோகத்தை மட்டுமே காரணமாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். மூன்று ஆண்டுகள் பழகிய ஆட்டமுறைக்கு அது செய்யும் அநியாயம் என்றே தோன்றுகிறது.

2012 ஜனவரியில் சூரிச் நகரில் கிமோனோ உடுத்தி மேடையேறிய சாவா, உலகின் சிறந்த வீராங்கனை விருதைப் பெற்றார். தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அதைத் தன்வசம் வைத்திருந்த பிரேசிலின் மார்த்தாவும் அன்று போட்டியில் இருந்தார். அந்த ஆண்டே தலைசுற்றல் நோய் சாவாவைச் சில காலம் முடக்கியது. மீண்டு வந்து லண்டன் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றார். 2015-ல் தன் ஆறாவது உலகக் கோப்பையில் ஆடி, அந்த டிசம்பரில் ஓய்வு பெற்றார். நாட்டுக்காக 205 ஆட்டங்கள், 83 கோல்கள்.

2023 உலகக் கோப்பையில் இன்னொரு ஜப்பானியர், ஹினாதா மியாசாவா, அதே ஐந்து கோல்களுடன் தங்கக் காலணியை வென்றார். ஸ்பெயினுக்கு எதிரான இரண்டு கோல்களும் வெற்றிடத்தை நோக்கி அதிவேகமாக ஓடி அடித்தவை. சாவாவின் பாணிக்கு நேரெதிர். பிறகு மான்செஸ்டர் யுனைடெட்டில் சேர்ந்த அவரும், அங்கே நடுக்களத்தின் பின்பகுதியில் ஆடத் தொடங்கினார்.