பெட்டி டயர் வாங்கும் முன்

இடம்பெயர்ந்த குடும்பங்கள் புதிய இடத்தில் மீண்டும் பயிர்செய்யத் தொடங்கும்போது, காணிக்கும் விதைக்கும் அடுத்தபடியாகத் தேவைப்படுவது பாரம் ஏற்ற ஒரு வாகனமாகும். இதற்காக நாலைந்து குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து பழைய லேண்ட்மாஸ்டரும் பெட்டியும் வாங்குவதுண்டு. வாங்குபவர்கள் இயந்திரத்தைப் பலமுறை இயக்கிப் பார்ப்பார்கள். பெட்டியின் டயர்களைக் கவனிப்பவர்கள் குறைவு. பொகவந்தலாவையிலிருந்து நோர்வூட் வழியாக ஹட்டனுக்கு மரக்கறி கொண்டுசெல்லும் வளைவுப் பாதையில் டயர் வெடித்தால், சரக்கோடு உயிரும் போகலாம்.

இலக்கங்களை வாசியுங்கள்

டயரின் பக்கச் சுவரில் அதன் அளவு பொறிக்கப்பட்டிருக்கும். உதாரணமாக, 7.50-16 என்றால் டயரின் அகலம் ஏழரை அங்குலம், ரிம்மின் விட்டம் 16 அங்குலம். பழைய டயரின் அளவையும் ரிம்மின் அளவையும் எழுதிக்கொண்டே கடைக்குப் போங்கள். ஒரே அச்சின் இரு பக்கமும் ஒரே அளவும் ஒரே வகையும் கொண்ட டயர்களே இருக்க வேண்டும். சாதாரண டயரையும் ரேடியல் டயரையும் சோடி சேர்க்கக் கூடாது.

பாரத்தைக் கணக்கிடுங்கள்

வெறும் பெட்டி 300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் 50 கிலோ உருளைக்கிழங்கு மூடைகள் 20 ஏற்றினால் மொத்தம் 1,300 கிலோ. டயர் ஒன்றுக்கு 650 கிலோ. டயரில் உள்ள பாரச் சுட்டெண் 93 என்றால் அது தாங்கும் உச்ச அளவு இதே 650 கிலோதான். ஆனால் வளைவில் பாரம் ஒரு பக்கம் சாய்கிறது. குழியில் விழும்போது இன்னும் கூடுகிறது. ஆகவே சுட்டெண் 100, அதாவது 800 கிலோ தாங்கும் டயரே பாதுகாப்பானது. சுட்டெண்ணை அடுத்துள்ள எழுத்து வேகத்தைக் குறிக்கும். ஏ6 என்றால் மணிக்கு 30 கிலோமீற்றர், ஏ8 என்றால் 40. அத்தகைய டயர் பூட்டிய பெட்டியை வேகமாக ஓடும் வாகனத்தின் பின்னால் கட்டி இழுக்கக் கூடாது.

வயதைப் பாருங்கள்

பெட்டி பல நாட்கள் ஓடாமல் நிற்பதால், அதன் டயர் தேய்வதற்கு முன்பே வெயிலில் காய்ந்து கெட்டுவிடுகிறது. பூவெட்டு ஆழமாக இருப்பதை மாத்திரம் நம்பாதீர்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் தனியாக இருக்கும். 3223 என்றால் 2023ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பத்து வருடம் கடந்த டயரை, பார்வைக்குப் புதிதாக இருந்தாலும், வாங்க வேண்டாம்.

மலிவாகக் கிடைப்பவை

கையில் பணம் குறைவாக உள்ளவர்கள் ரீபில்ட் டயரைத் தேடுவது இயல்பு. நன்றாகச் செய்த ரீபில்ட் டயர் உழைக்கும். ஆனால் மேலே புது இறப்பர் ஒட்டினாலும் உள்ளே இருக்கும் கூடு பழையதே. பக்கச் சுவரில் வெடிப்போ வீக்கமோ, உள்ளே நூல் தெரிவதோ இருந்தால் விட்டுவிடுங்கள். பக்கச் சுவரில் வெட்டு ஏற்பட்ட டயரைத் துண்டு ஒட்டிப் பாரத்துக்குப் பாவிக்கக் கூடாது.

வாங்கிய பின்

குறித்த அளவு காற்றை, டயர் சூடாகுமுன் அடியுங்கள். காற்றுக் குறைந்தால் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். பாரத்துடன் டயர் வெடிப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம். தொட்டுப் பார்த்து அளவிட வேண்டாம், அளவியைப் பாவியுங்கள். பெட்டி நெடுநாள் நிற்குமானால், சில்லுகள் நிலத்தில் படாதவாறு அச்சைக் கட்டைமேல் தூக்கி வைத்து, டயர்களைச் சாக்கினால் மூடுங்கள். எண்ணெய் படவிடாதீர்கள்.

கூட்டாக வாங்கும் குடும்பங்கள் மாதந்தோறும் சிறு தொகையை டயருக்கென ஒதுக்கிவைப்பது நல்லது. டயர் வெடித்த அன்று கடன் வாங்கினால், அந்தப் போகத்தின் இலாபம் வட்டிக்கே போய்விடும்.