தோற்று வரும் பிள்ளைக்கு முதற் சொல்

போட்டியில் தோற்றுப் பிள்ளை வீடு திரும்புகிறது. வாயிலில் நிற்கும் நாம் முதலில் என்ன சொல்கிறோம்? அடுத்த முறை அப்பிள்ளை துணிவோடு களம் புகுவதும் அஞ்சிப் புகுவதும் பெரும்பாலும் அச்சொல்லைப் பொறுத்தவை.

களத்தில் இளம் உள்ளம் கலங்குவது கோழைத்தனம் அன்று, உடலின் இயற்கை. அச்சம் தோன்றியதும் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு விரைகிறது, தசைகள் இறுகுகின்றன. பயிற்சியால் தானே இயங்கி வந்த கை, ‘பிழை நேருமோ’ என்று மனம் இடைபுகுந்ததும் தடுமாறுகிறது. ‘வீட்டார் என்ன சொல்வரோ’ என்ற எண்ணமும் சேர்ந்தால் சுமை இரட்டிக்கிறது.

அரியானாவைச் சேர்ந்த மனு பாக்கர், 2021-ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடும் போட்டியில் கலந்துகொண்டபோது அவருக்கு வயது 19. நாடே பதக்கத்தை எதிர்பார்த்திருக்க, இடையில் துப்பாக்கி பழுதுபட்டு நேரம் வீணாயிற்று. இறுதிச் சுற்று கைநழுவியது. அதே மனு 2024-ஆம் ஆண்டு பாரிசில் இரு வெண்கலப் பதக்கங்கள் வென்றார். ஒரு தோல்வி ஒருவருடைய முடிவன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்கத்தக்கவை எளியவை. ஆட்டத்திற்கு முன் மூச்சை இழுப்பதைவிட மெதுவாக வெளிவிடல் ஒன்று, படபடப்பு தணியும். ஒவ்வொரு முறையும் ஒரே ஒழுங்கில் ஆயத்தமாதல் மற்றொன்று. பழகிய ஒழுங்கில் மனம் ஊன்றி நிற்கும். ‘வெல்வேன்’ என்பதைவிட, ‘பந்தைக் கடைசிவரை பார்ப்பேன்’ என்பது போன்று தன் கையில் உள்ளதையே குறிக்கோளாகக் கொள்ளல் மூன்றாவது.

தில்லியிலும் மும்பையிலும் வாழும் நம் பிள்ளைகளுக்குத் தாத்தாவும் பாட்டியும் பெரும்பாலும் அருகில் இல்லை. ஊரிலாயின், தந்தை சினந்தால் பாட்டியின் மடி உண்டு. இங்கு அந்த மடியும் நாமே ஆகவேண்டும். களத்தில் பிறமொழி கேட்டு வரும் பிள்ளை, தன் துயரைத் தாய்மொழியில் சொல்லி ஆறுவதும் நம்மிடத்தேதான்.

ஆதலின், “ஏன் தோற்றாய்?” என்பதை ஒரு நாள் ஒத்திவைப்போம். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதை அறவே விடுவோம். உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, போட்டி நாள்தோறும் வயிற்றுவலி ஆகியவை தொடர்ந்தால், அவற்றைச் சாக்குப்போக்கு என்று தள்ளாமல் மருத்துவரை நாடுவோம்.

வென்று வந்தாலும் தோற்று வந்தாலும் முதற் சொல் ஒன்றாகவே இருக்கட்டும்: “வா அம்மா, கை கால் கழுவிக்கொண்டு சாப்பிட வா.”