‘பீப்’ சத்தம் கேட்டால் தோண்டிவிடலாமா?

அலவாங்கு, மண்வெட்டி, பூஜைப் பொருட்கள், ஒரு ஸ்கேனர். ‘புதையல் தோண்டியவர்கள் கைது’ என்று இலங்கைப் பத்திரிகைகளில் வரும் செய்திகளில் பொலிஸார் கைப்பற்றிய சாமான்கள் பெரும்பாலும் இவைதான். முன்பு மை போட்டுப் பார்ப்பவரை நம்பினார்கள். இப்போது மெட்டல் டிடெக்டரை நம்புகிறார்கள். சிலருக்கு இரண்டும் வேண்டும்.

கினிகத்தேனைப் பக்கத்தில் புதையல் ஆசைக்குத் தீனி உண்டு. சோழரைப் பொலன்னறுவையிலிருந்து விரட்டிய முதலாம் விஜயபாகு, சிவனொளிபாதமலை யாத்திரிகர்களுக்குச் செய்த தானங்களைச் சொல்லும் பாறைக் கல்வெட்டு அம்பகமுவையில் இருக்கிறது. கித்துல்கலைக்கு இறங்கினால் பெலிலெனக் குகை. அங்கே ஆய்வாளர்கள் கண்டெடுத்தவை ஆதிமனிதரின் எலும்புகளும் சின்னஞ்சிறு கல் ஆயுதங்களும். எந்த டிடெக்டரும் இவற்றுக்குச் சத்தம் போடாது. உலோகத்தைத் தேடி வெட்டுகிறவர் இவற்றை மண்ணோடு மண்ணாக வாரிக் கொட்டிவிடுவார். உண்மையான நட்டம் அதுதான்.

கருவி செய்வது இவ்வளவே: கம்பிச்சுருள் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்பும், உலோகம் இருந்தால் அதில் சிறு மின்னோட்டம் எழும், காதில் ‘பீப்’. தங்கக் காசா, லயத்துக் கூரையிலிருந்து விழுந்த தகரத் துண்டா, உடைந்த கவ்வாத்துக் கத்தியா என்று அது உறுதியாகச் சொல்லாது. பார்க்க வேண்டுமானால் தோண்ட வேண்டும். சட்டம் குறுக்கே வருவதும் அங்கேதான்.

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, இன்னும் கண்டுபிடிக்கப்படாத தொல்பொருட்கள் அரசின் சொத்து. அவற்றைத் தேடி அகழத் தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் தேவை. “என் காணி, என் மண்” என்ற பேச்சு எடுபடாது; சொந்தக் காணிக்கும் இதே விதிதான்.

தொல்பொருளுக்கு அந்தச் சட்டம் போட்ட எல்லைக்கோடு 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்த நாள். கோப்பித் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் அதற்குப் பின் வந்தவை. ஆகவே பழைய லயத்தடியில் கிடைக்கும் விக்டோரியா மகாராணி காசு அந்தக் கோட்டுக்கு இப்பால். அதற்காக மலையில் இஷ்டப்படி தோண்டலாம் என்றில்லை. தோட்டக் காணிகளில் பெரும்பகுதி அரசுடையது; 1992 முதல் கம்பனிகள் குத்தகைக்கு வைத்திருக்கின்றன. துரையைக் கேட்காமல் குழி வெட்டினால் அது வேறு வழக்கு. மாணிக்கக்கல் தேடுவதானால் தேசிய இரத்தினக்கல் ஆபரண அதிகாரசபையின் அனுமதி வேண்டும்.

இங்கிலாந்திலோ காணிக்காரர் சம்மதித்தால், பாதுகாக்கப்பட்ட இடங்கள் தவிர மற்ற இடங்களில் டிடெக்டரோடு தேடலாம். ஆனால் புதையலை 14 நாளுக்குள் அறிவித்தாக வேண்டும். 2015இல் லெம்ஸ்டர் அருகே சுமார் 300 பழங்காசுகளைக் கண்டெடுத்து, அறிவிக்காமல் மறைத்து, சிலவற்றை விற்ற இருவர் 2019இல் சிறை சென்றார்கள்.

கொழுந்துமலையில் கான் வெட்டும்போதோ, வீட்டுக்கு அத்திவாரம் போடும்போதோ பழம்பொருள் ஏதும் தட்டுப்பட்டால் அதைக் கழுவ வேண்டாம், இடம் மாற்ற வேண்டாம். வேலையை நிறுத்திவிட்டுக் கிராம உத்தியோகத்தரிடமோ பொலிஸிலோ சொல்லுங்கள்.