பழகிய பிறகு ஆர்டர் எடுப்போம்!



நடுவில் பழைய பருத்திப் புடவை, மேலும் கீழும் புதுத்துணி வைத்து, பூவும் கொடியுமாகத் தைக்கும் 'குயில்ட்' விரிப்பில் நம் குழுக்களுக்கு ஆர்வம் அதிகம். ஆனால் ஒரு குழுவில் பழகாமலே ஆர்டர் துணியில் கை வைத்தார்கள். அடியில் நூல் சுருண்டது; பிரிக்கையில் துணி கிழிந்தது. நஷ்டம் குழுவுக்கு. அவசரப்பட்டு ஆர்டர் வாங்கிக் கொடுத்த எங்களுக்கும் அதில் பங்கு உண்டு.

எப்படிப் பழகுவது?

1. துணியைத் தள்ளும் பல்லை இறக்குங்கள். இறங்காத மிஷினில் பல்லை மூடத் தகடு போடுங்கள்.

2. சாதா புட்டைக் கழற்றி, ஸ்பிரிங் வைத்த எம்பிராய்டரி புட் மாட்டுங்கள். புட்டைத் தூக்கும் கைப்பிடியைக் கீழே இறக்க மறந்துடாதீங்க! இறக்காவிட்டால் மேல்நூலில் இறுக்கம் இருக்காது. அந்தக் குழுவில் நூல் சுருண்டது இதனால்தான்.

3. முதலில் தாளில் பேனாவை எடுக்காமல் சுழி போடுங்கள். சிக்குக்கோலம் போடும் நமக்கு இது கஷ்டமா?

4. பிறகு ஒரு அடிச் சதுரத்தில் மூன்று அடுக்கு வேஸ்ட் துணியை ஊக்கு குத்தி எடுங்கள். பாபின் நூலை மேலே இழுத்து, இரண்டு நூலையும் பிடித்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

5. துணி தானாக நகராது. நம் கைதான் நகர்த்தணும். கை வேகமானால் தையல் நீளும், மெதுவானால் நெருங்கும். வெடுக்கென்று இழுத்தால் ஊசி ஒடியும். விரலை ஊசியிலிருந்து தள்ளியே வையுங்கள்.

தினமும் கால்மணி நேரம் போதும். துணியைத் திருப்பிப் பாருங்கள். அடித்தையலும் சீராக வந்த பிறகு குழுக் கூட்டத்தில் காட்டுங்கள். அதன்பின் தைரியமாக ஆர்டர் எடுப்போம்!