சித்தி என்னும் பெயரும் அதற்கு அப்பாலும்

ஏற்காட்டின் காப்பித் தோட்டங்களைச் சேலத்து மக்கள் தம் மலையின் சொத்தென்றே கருதுவர். 1820-களில் சேலம் ஆட்சியராயிருந்த எம்.டி. காக்பர்ன் அச்செடியைச் சேர்வராயன் மலைக்குக் கொணர்ந்தார் என்பர். 1753இல் லின்னேயஸ் அதற்கு 'அராபிகா' எனப் பெயரிட்டார். எனினும் அதன் பிறப்பிடம் அரபு நாடன்று. ஹபஷா எனும் எத்தியோப்பியாவின் மலைக்காடுகளே. யமன் நாட்டு ஸூஃபிகள் இரவு வணக்கத்தில் விழித்திருக்க அதனைப் பருகினர். பாபா புதன் ஹஜ்ஜிலிருந்து திரும்புகையில் ஏழு விதைகளைச் சிக்மகளூர் மலைக்குக் கொணர்ந்தார் என்பது வழக்கு. கைமாறிய இடத்தின் பெயர் நிலைத்தது. பிறந்த மண்ணின் பெயர் மறைந்தது. செடிக்கு இதனால் இழப்பில்லை. அதே கடல்வழி வந்த மனிதருக்கு உண்டு.

குஜராத், கர்நாடகம், ஹைதராபாத் ஆகிய பகுதிகளில் வாழும் சித்திகளையே குறிப்பிடுகிறோம். 'ஸய்யிதீ' என்னும் அரபு மரியாதைச் சொல்லிலிருந்து 'சித்தி' பிறந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. இவர்களை ஹபஷிகள் என்றும் வரலாறு அழைக்கிறது. ஆனால் 2011இல் வெளியான மரபணு ஆய்வு, இவர்தம் முன்னோரைப் பெரும்பாலும் பாண்டு மொழி பேசும் ஆப்பிரிக்க மக்களோடு இணைத்தது. ஆக, 'ஹபஷி' என்னும் பெயரும் அனைவருக்கும் பொருந்துவதன்று. ஹபஷாவில் பிறந்து அடிமையாக விற்கப்பட்டு, அஹ்மத்நகர் அரசின் தலைமை அமைச்சராக உயர்ந்து, 1626இல் மறைந்த மாலிக் அம்பருக்குக்கூட 'அம்பர்' என்பது உரிமையாளர் இட்ட பெயரே.

இன்று இவர்கள் இந்தியக் குடிமக்கள். தாய்மொழி குஜராத்தியோ கொங்கணியோ உருதுவோதான். ஆயினும் வெளியூர் சென்றால், "எந்த நாட்டவர்?" என்னும் வினா எதிர்ப்படுகிறது. குடியுரிமைச் சான்று அவ்வினாவிற்கு விடை தருவதில்லை. இனப்பெயரோ, கேட்டதற்கு மேலாகவே விடை தந்துவிடுகிறது. 1987இல் இந்திய விளையாட்டு ஆணையம் சித்தி இளைஞரைத் தடகளப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்தது. ஆப்பிரிக்க உடலென்றால் ஓட்டம் என்பதே அதன் கணக்கு. சில ஆண்டுகளில் திட்டம் கைவிடப்பட்டது.

பட்டியலும் முழுமையாக உதவவில்லை. குஜராத்தில் அம்ரேலி, பாவ்நகர், ஜாம்நகர், ஜூனாகத், ராஜ்கோட், சுரேந்திரநகர் மாவட்டங்களின் சித்திகளே பழங்குடியினராக ஏற்கப்பட்டனர். அவர்தம் பெருந்தலமாகிய பாவா கோர் தர்கா அமைந்த ரத்தன்பூரோ பரூச் மாவட்டத்தில் உள்ளது! கர்நாடகத்தில் உத்தர கன்னடச் சித்திகளுக்கு 2003இல்தான் அத்தகுதி கிட்டியது. (நம் சேர்வராயன் மலை மலையாளிகளும் மாவட்டப் பெயர் சொல்லியே பட்டியலில் உள்ளனர். காஞ்சிபுரத்திலிருந்து வந்தோமெனக் கூறும் அத்தமிழரைப் பெயர் கேட்டுக் கேரளத்தவர் என மயங்குவோரும் உளர்.)

அவ்வாறாயின் தம் மூலத்தை அவர்கள் எதனால் உரைக்கின்றனர்? ரத்தன்பூரில் பாவா கோரையும் அவர்தம் சகோதரி மாயி மிஸ்ராவையும் நினைந்து முழவொலியுடன் ஆடும் ஆட்டத்திற்கு 'கோமா' என்று பெயர். முழவையும் ஆட்டத்தையும் குறிக்கும் 'ங்கோமா' எனும் ஸ்வாஹிலிச் சொல்லின் திரிபு அது. 'மலுங்கா' என்னும் வில் யாழும் அங்குண்டு. ஹழ்ரத் பிலால் (ரலி) அவர்களைத் தம் முன்னோராகப் போற்றும் மரபும் அவர்களிடையே நிலவுகிறது. இதனை வமிசாவளி ஆராய்ச்சியாக அளப்பது முறையன்று என்பது நம் கருத்து. தாம் யாரென்று சொல்ல அவர்கள் தாமே தேர்ந்த சொல் அது. உத்தர கன்னடத்தில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவச் சித்திகள் மூவகையினரும் உளர். பழந்துணிகளைத் தைத்து இணைக்கும் 'கவந்தி' விரிப்பும் 'டமாம்' முழவும் அவர்களுக்குப் பொதுவானவை.

இலங்கையின் புத்தளம் அருகே சிரம்பையடியில் வாழும் காப்பிரிகள் இன்னும் வியப்புக்குரியர். 'காஃபிர்' என்னும் அரபுச் சொல்லைப் போர்த்துக்கேயர் ஆப்பிரிக்கருக்கு இட, அதுவே இவர்தம் பெயராயிற்று. பெரும்பாலும் கத்தோலிக்கராகிய இவர்கள் அப்பெயரை இழிவாகக் கருதாமல் தமதாக ஏற்றுள்ளனர். வீட்டில் பேசுவது சிங்களம். 'மஞ்ஞா' பாடும்போது மட்டும், அன்றாடப் பேச்சிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்ட போர்த்துக்கேயக் கலப்புமொழி திரும்பி வருகிறது.